அத்தையின் போட்டோ எதற்கு? குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சி பிளாக்கில் 9 வருடமாகக் குடியிருக்கிறேன். மெயின்டனன்ஸ் ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடக் கூடாது பாருங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததோடு நிற்காமல் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறேன். கேட்டுக்கு வந்திருக்கும் புது ஆப், சங்கம் பயன்படுத்தும் மென்பொருள்கள் என்று விஷயம் 96 வீட்டுக்கும் பொதுவானது.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து என் அத்தை வந்தார். வயது 78. ராத்திரி ரயிலில் வந்து, ஆட்டோ பிடித்து, காலை ஆறு மணிக்கு நம் கேட்டில் இறங்கியிருக்கிறார். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு சீப்பு வாழைக்காய். கேட்டில், வருகிறவர்களைப் பதிவு செய்ய நீங்கள் புதிதாக வைத்த டேப்லெட். வாட்ச்மேன் தம்பி போன் நம்பர் கேட்டிருக்கிறார். அத்தைக்குத் தன் நம்பர் மனப்பாடம் கிடையாது. என் வீட்டுக்கு அனுமதி கேட்டு ஆப்பில் தகவல் அனுப்பியிருக்கிறார். நான் அந்த ஆப்பைப் போடவே இல்லை என்பதால் அது அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. கடைசியில், "போட்டோ எடுத்துட்டு விடுறேன் பாட்டி" என்று டேப்லெட்டைத் தூக்கியிருக்கிறார். "என் போட்டோ உனக்கு எதுக்குடா கண்ணா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று அத்தை கேட்டாராம். நான் பால் வாங்க இறங்கி வந்தபோது இருபது நிமிஷமாக இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மேல் ஒரு குறையும் இல்லை, சொன்னதைச் செய்தார். அத்தை கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அந்தப் போட்டோ எதற்கு? எடுத்தால் எங்கே போகும்? எத்தனை நாள் அங்கே இருக்கும்? யார் அழிப்பார்கள்?

செயலாளர் சாரிடம் கேட்டேன். "ஃப்ரீயா குடுக்குறாங்க மேடம், சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்ல" என்றார். சரி. தொண்ணூற்றாறு வீட்டுக்கு ஆப், கேட்டுக்கு டேப்லெட், போனில் கூப்பிட்டால் பேச ஆள், எல்லாம் சும்மா. சும்மா கொடுப்பவர் எதில் சம்பாதிக்கிறார் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. கத்தரிக்காய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்தாலே சொத்தையா என்று திருப்பிப் பார்க்கிறவர்கள் நாம்.

கேட்காமல் இருந்தது என் தப்பும்தான் என்று, மகனுடைய பழைய போன் ஒன்றில் அந்த ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எண்கள் முழுவதையும் கேட்டது. இருப்பிடம் கேட்டது. நான் இருப்பது எங்கே என்று அதற்குத் தெரியும்தானே, இந்தக் கேட்டுக்கென்றே போட்ட ஆப்! உள்ளே போனதும் முதல் திரையில் வீட்டுக் கடன் விளம்பரம், இரண்டாவதில் பெயின்ட் கம்பெனி. எக்ஸோடஸ் பிரைவசி என்று பிரான்சில் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளைப் பிரித்து, உள்ளே எத்தனை வேவுபார்க்கும் நிரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். நம் கேட் ஆப்பில் 7 இருந்தன. கேட்டைத் திறப்பதற்கு ஏழு பேர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தனியுரிமைக் கொள்கை என்ற பக்கம் முழுக்க ஆங்கிலம். அதில் 'எங்கள் கூட்டாளிகள்' என்று அடிக்கடி வருகிறது. யார் அந்தக் கூட்டாளிகள் என்று எங்கும் வரவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது விளம்பரம் இல்லை, 'தினசரி உதவியாளர்கள்' என்ற பக்கம். என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் படம் அதில் இருக்கிறது. எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், இந்த வளாகத்தில் எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார், எல்லாம் 96 வீட்டுக்கும் தெரியும். பேருக்குக் கீழே நட்சத்திரம். மூன்றரை. யாரோ ஒருவர் 'அடிக்கடி லீவு' என்று எழுதியிருக்கிறார். அந்த அக்காவிடம் காட்டினேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். தன் படம் எப்போது எடுத்தார்கள் என்று அவருக்கு நினைவிருக்கிறது, எதற்கு என்று தெரியாது. "அந்த மூணர என்னம்மா, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

நான் ஒரு ஆப்பை வேண்டாம் என்று ஒதுக்கினால் அது என்னோடு போகும். சங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது எல்லோர் தலையிலும் விழுகிறது. வேலைக்கு வருகிறவர்கள், கூரியர் பையன், கும்பகோணத்து அத்தை என்று இந்தச் சங்கத்தில் ஓட்டே இல்லாதவர்கள் தலையில்தான் முதலில் விழுகிறது. அதனால் சங்கம் எதையும் தேர்ந்தெடுக்கும்போது, இருப்பதிலேயே குறைவாகக் கேட்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்யலாம் என்பது.

கேட்டில் முன்பு இருந்த வருகைப் பதிவு நோட்டுப் புத்தகம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அதில் எல்லோர் நம்பரும் வரிசையாக எழுதியிருக்கும், அடுத்து வருகிறவர் எட்டிப் பார்க்கலாம். ஏ பிளாக் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் தொல்லை வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனாலும் அந்த நோட்டு கேட்டை விட்டு எங்கும் போகவில்லை, வருடக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போனதைத் தவிர. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இன்டர்காம் இருக்கிறது. கட்டியபோதே போட்டது, பாதி வீட்டில் வேலை செய்கிறது, மீதியைச் சரிசெய்தால் போதும். வந்தவர் பெயர், எந்த வீடு, நேரம், மூன்றும் எழுதினால் போதாதா? போன் நம்பர் வேண்டாம். முப்பது நாள் கழித்து அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். கணினியில்தான் வேண்டும் என்றால் கேட் டேப்லெட்டிலேயே ஒரு சாதாரண அட்டவணை, சங்கத்தின் சொந்தக் கணினியில் சேமித்து, மாதம் ஒருமுறை அழித்தால் முடிந்தது. எல்லா வேலைக்கும் ஒரு ஆப் வேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது பொருளாளர் சாருக்கு. அவர் பொறுப்பேற்றதிலிருந்து படும் பாட்டை நான் நேரில் பார்த்தவள். முந்தைய குழு 8 வருடக் கணக்கையும் ஒரு கணக்கு மென்பொருளில் வைத்திருந்தது. அதைத் திறக்க பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி செருக வேண்டும். சாவி தொலைந்தது. புதுச் சாவிக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினால் 'உங்கள் பதிப்பு பழையது, புதிதை வாங்குங்கள்' என்றார்கள். தண்ணீர் டேங்கர்காரர் பில் தகராறு வந்த மாதம் அது. நம் கணக்கு, நம் பணம், நம் கணினியிலேயே இருக்கிறது, ஆனால் திறக்க முடியவில்லை. கடைசியில் பழைய ரசீதுக் கட்டுகளைத் தரையில் பரப்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

இதற்குத்தான், கடிதமும் கணக்கு அட்டவணையும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருள் என்கிறேன். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, பெர்லினில் பதிவான ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. பணம் இல்லை என்பது அதில் சின்ன விஷயம். அது சேமிக்கும் கோப்பின் வடிவம் 2006-லேயே உலகத் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட ஒன்று. எப்படி எழுதப்படுகிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதனால் நாளைக்கு லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் வேறொரு மென்பொருள் அதைத் திறக்கும். சாவி நம்மிடமே இருக்கும். கொஞ்சம் பெரிய கணக்கு வேண்டும் என்றால் குனூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. ஆனால் 96 வீட்டு மெயின்டனன்ஸுக்கு அட்டவணையே தாராளம்.

கணக்கைவிட எனக்கு நெருக்கமானது நம் தீர்மானப் புத்தகம். தமிழ்த் தட்டச்சும் பிழைதிருத்தமும்தான் என் பிழைப்பு, எனவே இந்த வலி எனக்கு நன்றாகத் தெரியும். பழைய தீர்மானங்களை மெயின் ரோட்டு டிடிபி கடையில் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருக்கிறார்கள். போன வருடம் அந்தக் கோப்பைத் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துருவைத் தேடிப் பிடித்து, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, ஒற்றெழுத்தெல்லாம் இடம் மாறியதைச் சரிசெய்து, ஆறு பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆனது. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்குத் தமிழ்நாடு அரசே 2010-ல் ஆணை போட்டாயிற்று. தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே வந்தாயிற்று, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் அது கூடவே வருகிறது. இனி ஒரு தீர்மானம்கூட பழைய எழுத்துருவில் வேண்டாம். அடித்துத் தர நான் இருக்கிறேன், காசு வேண்டாம்.

அடுத்து சங்க அலுவலகக் கணினி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. நம் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் சொல்லி, புதிதாக வாங்க 48,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் வந்திருக்கிறது என்று போன கூட்டத்தில் படித்தீர்கள். அந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. 4 ஜிபி நினைவகம் இருக்கிறது, லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு அதில் சுகமாக ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம் போட்டால் இன்னும் வேகம். என் வீட்டுக் கணினி நம்முடையதைவிட இரண்டு வயது மூத்தது, அதில்தான் தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன்.

லினக்ஸில் எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். என் பிரிண்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஆடிட்டர் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் சில சமயம் விண்டோஸ் இல்லாமல் அசையாது, அதை அவர் அலுவலகத்திலேயே செய்துகொள்ளட்டும். முதல் வாரம் 'அந்த பட்டன் எங்கே' என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவது வாரம் கேட்கமாட்டார்கள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் விளையாட்டும்மா" என்று குழுவில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள், பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் அதில்தான் எழுதுகிறார்கள். பிரான்சில் ழாந்தார்மெரி என்ற காவல் படை உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தனக்கேற்ப மாற்றி 70,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு தன் அலுவலகங்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. 2025-ல் 40,000-க்கும் அதிகமான மின்னஞ்சல் பெட்டிகளை, யாரும் உள்ளே பார்க்கக்கூடிய திறமூல மென்பொருளுக்குக் கொண்டுபோனது. அவ்வளவு தூரம் எதற்கு? அந்த நண்பர் தன் பேரன் பிறந்தநாள் வீடியோவை சமுதாயக் கூடத்தில் போட்டுக் காட்டினாரே, திரையில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று வந்ததல்லவா? விஎல்சி. 1996-ல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001 முதல் கட்டற்ற மென்பொருள். அது உங்களிடம் என்றாவது பெயர் கேட்டதா, விளம்பரம் காட்டியதா?

இந்த 'கட்டற்ற' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே 'ஃப்ரீ'. 1983-ல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே பாதி ஆயுளைச் செலவழித்தார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் சொல்லும்போதே தெளிந்துவிடுகிறது. கேட் ஆப் இலவசம், ஆனால் கட்டற்றது அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு உரிமை இல்லை.

பார்த்தால் மட்டும் யாருக்குப் புரியும், மென்பொருளை எழுதிய மூலநிரலை நீங்கள் படிக்கப்போகிறீர்களா என்று செயலாளர் சார் கேட்டார். நியாயமான கேள்வி. நான் படிக்கமாட்டேன், எனக்குப் புரியாது. ஆனால் 2024 மார்ச்சில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எக்ஸ்இசட் என்று, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. யாரோ ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக அதில் வேலை செய்து, பொறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, கள்ளக் கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். அது உலகம் முழுக்கப் பரவும் முன்பே ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் பிடித்துவிட்டார். அவர் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர் என்பது தனி வேடிக்கை. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. தோண்டினார். தோண்ட முடிந்தது, ஏனென்றால் நிரல் திறந்து கிடந்தது. திறந்திருப்பதாலேயே திருடன் வரமாட்டான் என்று நான் சொல்லவில்லை, வந்திருக்கிறானே. ஆனால் எங்கோ ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே பார்க்கலாம். நம் கேட் ஆப்பில் அந்த ஏழு பேர் என்ன செய்கிறார்கள் என்று எந்த ஃப்ராய்ண்ட் பார்ப்பார்?

அப்புறம் வாட்ஸ்ஆப் குழு. 2021 ஜனவரியில் அவர்கள் கொள்கையை மாற்றியபோது, எல்லோரும் சிக்னல் என்ற இன்னொரு செய்தி ஆப்புக்குப் போவோம் என்று என் குடும்பத்தைக் கிளப்பினேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்று வாரத்தில் அங்கே மிஞ்சியது நானும் என் நாத்தனாரும். காலை வணக்கம் படங்கள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டன, ஒரு விதத்தில் நிம்மதி. அதனால் 96 வீட்டையும் மாறச் சொல்லும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் நேரம், தொலைந்த பூனை எல்லாம் வாட்ஸ்ஆப்பிலேயே இருக்கட்டும்.

ஆனால் குழுவில் ஆதார் நகலைப் போடுவதை நிறுத்துங்கள். போலீஸ் சரிபார்ப்புக்கென்று புது வாடகைதாரர்களின் ஆதார் படங்களை முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பொதுக் குழுவிலேயே போட்டு 'பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதுகிறீர்கள். இருநூறு பேர் போனில் அது தானாக இறங்கி, கேலரியில் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. என் போனிலேயே பதினோரு பேருடைய ஆதார் இருந்தது, உட்கார்ந்து அழித்தேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதை வாங்குங்கள். அதையும் குழுவில் போடாதீர்கள்.

நிர்வாகக் குழுவின் ஒன்பது பேரும் ஆவணங்களைப் பரிமாற மட்டும் சிக்னலுக்கு வாருங்கள். வாட்ஸ்ஆப்பிலும் செய்தி, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகிறதே என்பீர்கள். ஆகிறது, சிக்னலின் முறையைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்ற கணக்கில்தான் வித்தியாசம். 2016-ல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னலிடம் பயனர் விவரங்களைக் கேட்டது. அவர்களிடம் கொடுக்க இருந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இல்லாமல் வைத்திருப்பது. நம் கேட்டுக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

சட்டமும் வந்துவிட்டது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியமான கடமைகள் 2027 மே முதல் அமலாகும். ஒப்புதல் கட்டாயப்படுத்தாததாக, தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் தரவு வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். 'ஆப் இல்லையேல் அனுமதி இல்லை' என்று லிஃப்டில் ஒட்டியிருக்கும் தாளை பி பிளாக் வக்கீல் அம்மாவிடம் ஒருமுறை காட்டுங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு சமுதாயக் கூடத்துக்கு என் மடிக்கணினியைக் கொண்டுவருகிறேன். லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டலாம், சங்கக் கணினியில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. பொருளாளர் சார் தன் அட்டவணை ஒன்றை எடுத்துவரட்டும், திறந்து பார்ப்போம். கணியம் இதழ் 2012-லிருந்து இதையெல்லாம் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறது. நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன், வேண்டியவர்களுக்கு அச்செடுத்துத் தருகிறேன். பிரிண்டர் ஒத்துழைத்தால்.

அதுவரைக்கும் இரண்டு சின்ன வேலை. உதவியாளர் பக்கத்திலிருந்து அந்த நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள், அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, பொங்கலுக்கு அத்தை மறுபடியும் வருகிறார். சி பிளாக்குக்கு இன்டர்காம் அடித்தால் போதும் என்று கேட்டில் சொல்லி வையுங்கள். இந்த முறை இரண்டு சீப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஒன்று வாட்ச்மேன் தம்பிக்கு.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாவது மாடிக் குடியிருப்பாளர்